வர்ணம் காத்திருக்கும், வடிகால் காத்திருக்காது

கேள்வி: வீட்டில் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட வேலை. செய்ய வேண்டியதை எழுதினால் ஒரு பக்கம் நிறைகிறது. சுவருக்கு வர்ணம், துணி துவைக்கும் கல், ஓடு மாற்றுவது, கொல்லையில் காய்கறி, சொட்டுகிற குழாய். கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். எதில் தொடங்குவது?
(கொழிஞ்சாம்பாறை, ஆசிரியத் தம்பதி)

பதில்: மழை விழுகிற இடத்தில். அடுத்த கனமழையில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஓட்டிலிருந்து தண்ணீர் எங்கே கொட்டுகிறது, எந்தச் சுவரின் காலில் தெறிக்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் பட்டியல் தானாக வரிசைப்படும். முதலில் ஓடு, அடுத்து ஓரத்துத் தகரக்கால்வாய், அப்புறம் கீழிறங்கும் குழாய், பிறகு தரை வடிகால். சுவர் அதற்குப் பின்னால். வர்ணம் கடைசி. ஈரம் ஏறிய சுவரில் என்ன விலைக்குப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த துலாவர்ஷ மழையில் பொரிந்துவிடும். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரம் கிடையாது. தண்ணீருக்கு வழி செய்யும் வேலைகளை மாசி, பங்குனியில் முடித்தால் இடவப்பாதி மழை வரும்போது நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பங்குனியில் விரல் நுழைகிறது, ஆடியில் மூடிக்கொள்கிறது. இரண்டு முறை சிமென்ட் வைத்து அடைத்தும் பக்கத்திலேயே புதிதாக விடுகிறது. வீடு விழுந்துவிடுமா?
(வேலந்தாவளம், மளிகைக் கடைக்காரர்)

பதில்: உங்கள் வீடு மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில்தான். நீங்கள் அதன் மேல் குடியிருக்கிறீர்கள். மழையில் அந்த மண் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். மேலே நிற்கிற சுவரும் அதோடு ஏறி இறங்கும். விரிசல் அகலமாக இருக்கும் கோடையில் அதைச் சிமென்ட்டால் இறுக்கி அடைத்தால் மழைக்காலத்தில் மூடிக்கொள்ள இடமில்லாமல் சுவர் பக்கத்தில் இன்னொரு இடத்தைத் தேடும். உங்களுக்கு இரண்டு முறையும் நடந்தது அதுதான்.

செய்ய வேண்டியது வேறு. வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் தளம் போடுங்கள். அஸ்திவாரத்தின் அடியில் இருக்கும் மண் வருஷம் முழுக்க ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், அதுதான் குறி. ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்தால்தான் சுவர் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு மூலையில் மட்டும் குழாயடியும் வாழைக்கன்றும் வேண்டாம். வேம்பு, தூங்குமூஞ்சி போன்ற பெரிய மரங்களைச் சுவர் ஓரம் நடாதீர்கள். கோடையில் அவை அஸ்திவாரத்து ஈரத்தையே குடிக்கும். விரிசலை ரப்பர் போல இழுபடும் சீலன்ட் வைத்து மூடுங்கள்.

அதற்கு முன்னால் விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மழைக்காலத்திலும் மூடாமல், கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் மேஸ்திரியை விட்டுவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். புதிதாக ஒரு அறை சேர்க்கும் எண்ணம் இருந்தால், அடியில் குமிழ் விட்ட தூண் அஸ்திவாரத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. பழைய வீட்டோடு புது அறையை இறுகச் சேர்க்காமல் நடுவில் ஒரு இடைவெளி விடச் சொல்லவும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. கொல்லை வேலைக்கு அவரை எப்படி எழுப்புவது?
(கொல்லங்கோடு, இல்லத்தரசி)

பதில்: ஆறு நாள் உழைத்தவர் ஏழாம் நாள் படுப்பது நியாயம். “கொல்லையைச் சுத்தம் பண்ணுங்க” என்று சொன்னால் யாருக்கும் கால் எழாது, அந்த வேலைக்கு முடிவே கிடையாது. அரை மணியில் முடிந்து கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் கொடுங்கள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது நல்ல தொடக்கம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டர் போகிறது. வாஷரைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கடைக்குப் போகும் நடைதான் பாதி ஞாயிறைத் தின்கிறது.

கேள்வி: எங்கள் கிணறு மாசிக்கே வற்றிவிடுகிறது. கூரை மழையைக் கிணற்றுக்குள் விடலாம் என்கிறார்கள். குடிக்கிற தண்ணீராயிற்றே, அழுக்குப் போகாதா? செலவுக்குப் பலன் உண்டா?
(மீனாட்சிபுரம், பால் சொசைட்டி ஊழியர்)

பதில்: முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். 50 மி.மீ. பெய்யும் ஒரு நல்ல மழையில் அதன்மேல் 4,600 லிட்டருக்கு மேல் விழுகிறது. தெறிப்பு, ஆவி, வடிகட்டிக் கழிவு என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 3,700 லிட்டர் தேறும். ஒரே மழைக்கு இவ்வளவு.

பக்கத்து ஜில்லாவில் செய்து பார்த்த காரியம் இது. திருச்சூரில் 2008-ல் ‘மழைப்பொலிமா’ என்று மாவட்ட நிர்வாகமே தொடங்கி வீட்டுக் கிணறுகளில் கூரை நீரை இறக்கியது. முறை எளிது. கூரை ஓரத்துக் கால்வாய், ஒரு குழாய், கிணற்று மேட்டில் ஒரு டிரம். டிரம்மின் அடியில் ஜல்லி, அதன் மேல் மரக்கரி, அதன் மேல் மணல், வாயில் நைலான் வலை. டிரம்முக்கு முன்னால் குழாயில் ஒரு திருப்பம் வையுங்கள். பருவத்தின் முதல் ஒன்றிரண்டு மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவும். அதை வெளியே விட்டுவிட்டு அப்புறம் கிணற்றுக்குத் திருப்புங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மணலை அலசிப் போட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஞாயிறு வேலை. குழாய் ஒட்டத் தெரிந்த மச்சான் ஒருவர் இருந்தால் ஒன்றே போதும்.

அழுக்கு பற்றிய உங்கள் பயம் சரியானது, ஆனால் அது கூரையிலிருந்து வருவதைவிட கக்கூஸ் குழியிலிருந்து வருவதே அதிகம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தூரத்துக்குள் உறிஞ்சுகுழி கூடாது என்பது கேரளக் கட்டட விதி. டேப்பை எடுத்து இன்றைக்கே அளந்து பாருங்கள். கிருமி போக, வழக்கமான குளோரின் அளவு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள்.

உங்கள் தாலுகாவில் கிணறு என்பது சின்ன விஷயம் இல்லை. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோக்ககோலா ஆலை 2000-ல் வந்தது. சுற்றுவட்டாரக் கிணற்று நீர் கெட்டு, குடத்தோடு தூரம் நடக்க வேண்டி வந்த பெண்கள் 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா அவர்களில் முன்னால் நின்றவர். 2004-ல் ஆலை நின்றது. வீட்டுக் கிணற்றுக்காக அவ்வளவு பெரிய காரியம் நடந்த மண்ணில் ஒரு டிரம்மும் நாலு குழாயும் வைப்பதற்கு யோசிக்காதீர்கள்.

கேள்வி: மாட்டுக்கொட்டகைத் தகரம் காற்றில் தூக்குகிறது. மேலே கல்லும் மணல் மூட்டையும் வைத்திருக்கிறோம். போதுமா?
(கஞ்சிக்கோடு, மாடு வளர்ப்பவர்)

பதில்: இன்றைக்கே இறக்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை விட்ட கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் காற்றாலையைச் சுற்ற வைக்கிறது. கேரளத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1990-களில் உங்கள் ஊரில்தான் வந்தது. அந்தக் காற்றுக்குத் தகரத்தின் மேல் இருக்கும் கல் ஒரு பொருட்டா? தகரம் கிளம்பும் நேரத்தில் கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

காற்று தகரத்தை மேலிருந்து அழுத்துவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. முன்பக்கம் திறந்து மூன்று பக்கம் மூடிய கொட்டகை என்றால் காற்று உள்ளே நிறைந்து தூக்கும் பலம் இன்னும் கூடும். பின்சுவரின் மேல் பகுதியில் காற்று வெளியேற வழி விடுங்கள். தகரத்தைச் சட்டத்தோடு ஜே போல்ட் அல்லது ரப்பர் வாஷர் உள்ள திருகாணியால், மேடான வளைவின் மேல் முடுக்க வேண்டும். பள்ளத்தில் முடுக்கினால் ஒழுகும். நடுவில் இருப்பதைவிட நான்கு ஓரங்களிலும் நெருக்கமாகப் போடுங்கள், முதலில் பிய்வது ஓரம்தான். வெளியே நீட்டிய தாழ்வாரம் அதிகமாக இருந்தால் குறையுங்கள். கடைசியாக, சட்டம் தூணோடும் தூண் தரையோடும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தகரம் நன்றாக இருந்து சட்டத்தோடு பறந்த கொட்டகைகளும் உண்டு.

கேள்வி: மாங்காய் சீசனில் குடும்பமே தோப்பில். சீசன் முடிந்தால் மழை. வீட்டு வேலைக்கு மாதமே இல்லையே?
(முதலமடை, மாந்தோப்புக் குத்தகைக்காரர்)

பதில்: ஓணத்தை ஒட்டிய ஆவணி, புரட்டாசி இருக்கிறது. பூ பிடிக்கும் முன், இரண்டு மழைக்கும் நடுவில் வரும் மூச்சு அது. உள்வேலை முழுவதையும் அங்கே வையுங்கள்: குளியலறை, அலமாரி, வயரிங். வெயில் கேட்கும் வெளிவேலையைத் தை மாதம் கூலிக்கு விட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் மாலையில் வந்து பார்த்தால் போதும். உங்கள் தோப்பில் ஒரு நாள் உழைப்பு பெயின்டர் கூலியைவிட மதிப்புள்ள மாதம் அது.

கேள்வி: கான்கிரீட் வீடு. சித்திரையில் இரவு பத்து மணிக்கும் மாடி சுடுகிறது. ஏசி வாங்க வசதியில்லை.
(கொடுவாயூர், தையல்காரர்)

பதில்: மாடிக்கு வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. அகமதாபாத் 2017-ல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு இதைத்தான் செய்யத் தொடங்கியது. தெலங்கானா 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிய மாடியில் இரண்டு கை அடித்தால் போதும். மாசிக் கடைசியில் அடியுங்கள். மழையில் கரையும், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு காலை வேலை, வெயில் ஏறுவதற்கு முன் முடித்து இறங்கிவிடுங்கள். அடிக்கும்போது பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுங்கள். திரைச்சீலை உள்ளே இருப்பதால் சூடும் உள்ளே வந்துவிடுகிறது.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன், அவர் பேக்டரியில். பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று தரைக்கு டைல்ஸ் போட்டு, பின்னால் ஒரு அறை இழுக்கலாம் என்று சீட்டுப் பணம் வைத்திருக்கிறேன். செய்யலாமா?
(மூணாறு, தோட்டத் தொழிலாளி)

பதில்: அக்கா, அந்தப் பணத்தைத் தரையில் போடாதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் தரையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. தொழிலாளிக்கு வீடு தருவதும் அதைப் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே சொல்லிவிட்டது. ஒழுகும் கூரையும் உடைந்த கழிப்பறையும் உங்கள் சீட்டுப் பணத்துக்கான வேலைகள் இல்லை. வாயால் சொன்னால் காற்றோடு போகும். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். லயத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரே தாளில் எழுதினால் இன்னும் நல்லது. 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்று உங்கள் ஊர்ப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது, குறைத்த போனஸோடு சேர்த்து இந்த வீடுகளின் நிலைமையையும்தான் ஊருக்குச் சொன்னார்கள். சேர்ந்து கேட்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

பின்னால் அறை இழுப்பதை நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மேடுதான் இருக்கும். அறைக்காக அந்த மேட்டை வெட்டினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பதிலில் படியுங்கள்.

உங்களோடு கூட வரக்கூடியதில் செலவு செய்யுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு ரேக், பிள்ளைகள் படிக்க மடக்கு மேசை, நல்ல வெளிச்சம். விறகு எரிக்கிறீர்கள் என்றால் புகையில்லா அடுப்பு. அந்தச் சின்ன அறையின் புகை உங்கள் நெஞ்சில்தான் படிகிறது, டைல்ஸைவிட அது அவசரம். வாசலில் இருக்கும் நாலடி இடத்தில் பைகளில் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் வரும். உங்கள் குளிருக்கு அவை விரும்பி வளரும், பையைத் தூக்கிக்கொண்டும் போகலாம். மீதிப் பணம் கீழே ஒரு துண்டு நிலத்துக்கு. கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் நிலமே இல்லாதவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று பஞ்சாயத்தில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மண் திட்டு. ஜேசிபி வைத்து நேராகச் செதுக்கினால் ஜீப் நிறுத்த இடமும் துணி காய வைக்க முற்றமும் கிடைக்கும். ஒரே நாள் வேலை என்கிறார் டிரைவர். எங்கள் இருவருக்கும் ஏலத்தோட்டத்தில் ஓயாத வேலை, அதனால் இதை முடித்துவிடலாம் என்று பார்க்கிறோம்.
(சாந்தன்பாறை, ஏல விவசாயி)

பதில்: வேண்டாம். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ‘இப்படிச் செய்து பாருங்கள்’ என்கிறேன், இதற்கு மட்டும் ‘வேண்டாம்’ என்றே சொல்கிறேன்.

உங்கள் மலையில் பாறையின் மேல் மண் போர்வை போல் கிடக்கிறது. மழை ஊறி இறங்கி, பாறையைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் ஓடும். அந்த மண்ணைத் தாங்கி நிற்பது திட்டின் அடிக்கால். ஜேசிபி செதுக்குவது அந்தக் காலைத்தான். வெட்டிய நாளில் ஒன்றும் நடக்காது. வெயிலில் அது செங்கல் சுவர் போல உறுதியாக நிற்கும், டிரைவரும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும் ஒரு ஆடி இரவில்தான் அது இறங்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மேலிருந்து இறங்கிய மலை, தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோனது. அது யாருடைய முற்றத்து வெட்டாலும் வந்ததில்லை. மேலே காட்டில் தானாகக் கிளம்பியது. தொடாத மலையே அப்படி இறங்கும் மழை நாட்டில், நாமாகக் கையால் அதன் காலை வெட்டலாமா?

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மண் வெட்ட, ஏற்றிக்கொண்டு போக அனுமதி வேண்டும். இடுக்கியில் பட்டா எந்த விதியின் கீழ் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துக் கட்டடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வில்லேஜ் ஆபீசில் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே வெட்டின திட்டு ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? அப்படியானால் அதைக் காப்பாற்றும் வேலைதான் உங்கள் முதல் வேலை. திட்டின் உச்சிக்கு மேலே, மழைநீர் விளிம்புக்கு வராமல் தடுத்து ஓரமாக இயற்கை ஓடைக்குக் கொண்டுபோகும் ஒரு வடிகால். விளிம்பில் வெட்டிவேர் வரிசை. அதன் வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். அடியில் கல் கையாலை கட்டுவதானால், சிமென்ட் பூசி மூடிய சுவரைவிடக் கல் இடுக்கு வழியே நீர் கசியும் கையாலை நல்லது. சிமென்ட்டில் கட்டியே ஆகவேண்டும் என்றால், முதுகுப்புறம் ஜல்லி நிரப்பி, வரிசையாக மூன்று அங்குலக் குழாய்கள் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். நீர் போக வழியில்லாத சுவரை மண் தள்ளுவதைவிடத் தண்ணீர் தள்ளுவது அதிகம். மேஸ்திரிகள் அவசரத்தில் விட்டுவிடும் இடம் இது, கூடவே நின்று பாருங்கள். வீட்டுக்கு மேலே இருக்கும் செங்குத்துச் சரிவில் மழைக்குழி வெட்டாதீர்கள். சமதளத்தில் புண்ணியம் தரும் அந்தக் குழி, செங்குத்தில் மலைக்குள் தண்ணீரை ஏற்றும்.

மழைக்காலத்தில் இவற்றைப் பாருங்கள்: தரையில் புதுப் பிளவு, சாய்ந்த மரமோ மின்கம்பமோ, திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இறுகிப்போன கதவு. ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளோடு அந்த நேரமே வெளியேறி 1077-க்குச் சொல்லுங்கள். பீரோவுக்காகத் திரும்பாதீர்கள்.

ஜீப்பை ரோட்டோரம் நிறுத்துங்கள். துணிக்கு மாடியில் கயிறு கட்டுங்கள்.

கேள்வி: சமையலறைச் சுவரை ஒட்டி வாழை, பலா. பின்னால் தனியாகக் கழிப்பறை. யானை வருகிற இடம். என்ன மாற்றலாம்?
(சின்னக்கானல், காய்கறி விவசாயி)

பதில்: முதலில் கழிப்பறையை வீட்டோடு சேருங்கள். இருட்டில் வெளியே இறங்கும் அந்தப் பத்தடிதான் உங்கள் வீட்டில் மிக ஆபத்தான இடம். பணம் சேரும் வரை வழியெங்கும் வெளிச்சமும், உள்ளிருந்தே போடுகிற சுவிட்சும் வையுங்கள். 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துக் கொண்டுபோன அரிக்கொம்பன் யானை அரிசிக்காகக் கடையையும் வீட்டையும் உடைத்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அரிசியும் உப்பும் வெளிச்சுவர் ஓரத்துச் சமையலறையில் இருக்க வேண்டாம், நடு அறைக்கு மாற்றுங்கள். வாழையை எடுத்துவிட்டு அங்கே இஞ்சி, மிளகாய், எலுமிச்சை நடுங்கள். பலாவை வெட்ட மனமில்லை என்றால், பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வையுங்கள். பழுக்கிற வாசனை வரைக்கும் விடவே கூடாது.

கேள்வி: மூன்று சென்ட். மரமும் கொடியும் ஏற்ற இடமில்லை. ஆனால் மிளகு இல்லாத வீடு வீடா?
(குமுளி, ஆட்டோ ஓட்டுநர்)

பதில்: சட்டியில் குத்துமிளகு வையுங்கள். காய்க்கிற பக்கக் கிளையை வேர்விட வைத்து உண்டாக்கும் கன்று அது. மரம் ஏறாது, புதர் போல நின்று, நல்ல கவனிப்பில் வருஷம் முழுக்கக் காய்க்கும். பாதி நிழல், வடியும் மண், ஒரு கை மாட்டுச்சாணம். காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரு செம்பு தண்ணீர். கன்று எங்கே கிடைக்கும் என்று விவசாயத் துறையின் கிருஷிபவனில் கேளுங்கள். பிரேசில் திப்பிலியின் மேல் ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாட்டநோய் வேரில் பிடிக்காது.

கேள்வி: கொல்லையில் சந்தனக் கன்று தானாக முளைத்திருக்கிறது. அதிர்ஷ்டமா, தொல்லையா?
(மறையூர், வெல்லம் காய்ச்சுபவர்)

பதில்: பறவை கொண்டுவந்த விருந்தாளி. இருக்கட்டும். பக்கத்துச் செடிகளின் வேரைப் பிடித்துத்தான் அது வளரும், ஆகவே அருகில் இருக்கும் துவரையைப் பிடுங்காதீர்கள். வளர்ந்தபின் உங்கள் நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சுவர் கட்டுவதானால் அந்த இடத்தை விட்டே திட்டமிடுங்கள்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பாசி. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவலாமா?
(வண்டிப்பெரியாறு, ஓய்வுபெற்ற கணக்கர்)

பதில்: காய்ந்த ஷீட்டைத் தேய்க்கவோ, துளைக்கவோ, உடைக்கவோ கூடாது. அதிலிருந்து பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்து நோயாக வரும். மாற்றுவதானால் நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி, தெரிந்த ஆளிடம் விடுங்கள். பேரப்பிள்ளைகள் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் சின்ன வேலை செய்யக்கூட பஞ்சாயத்து பெர்மிட் வேண்டுமா?
(எருத்தேம்பதி, வாசகர்)

பதில்: பெயின்ட், பூச்சு, ஜன்னல் மாற்றம், சாய்ந்த கூரையின் சில்லறைப் பழுது, தோட்டம் இவற்றுக்கு வேண்டாம். ரோட்டை ஒட்டிய மதில் சுவருக்கு வேண்டும். வயலை நிரப்பும் எண்ணம் இருந்தால் 2008-ன் நெல்வயல் சட்டம் குறுக்கே நிற்கும், ஒரு கூடை மண் கொட்டுவதற்கு முன் கிருஷிபவன் வாசலை மிதித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகள் “எனக்கும் ஒரு வேலை கொடு” என்று சுற்றிச் சுற்றி வருகிறாள். கொத்தனார் வேலையில் என்ன கொடுப்பது?
(சித்தூர், நர்ஸ்)

பதில்: கொசு இன்ஸ்பெக்டர் பதவி கொடுங்கள். கேரள சுகாதாரத் துறை ஞாயிற்றுக்கிழமையை வீடுகளுக்கான டிரை டே என்றே வைத்திருக்கிறது. டெங்கு கொசு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும், அந்த முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்தால் அந்தத் தலைமுறையே இல்லை. கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி, பாக்கு மட்டை, சிமென்ட் கலந்துவிட்டுக் கவிழ்க்காத சட்டி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, கூரைக் கால்வாயில் இலை அடைத்த இடம். ஏணி மேல் அவள் ஏற வேண்டாம், கீழே நின்று “அங்கே தேங்கியிருக்குப்பா” என்று காட்டட்டும், ஏறி எடுப்பது உங்கள் வேலை. கட்டட வேலை நடக்கும் வீட்டில் கவனிக்க ஆளில்லாமல் தண்ணீர் தேங்குவது கொத்தனாரின் டிரம்மில்தான், அதை அவள் பட்டியலில் முதலாவதாக எழுதச் சொல்லுங்கள்.